கேப்டன் போலும் தேரிக்காட்டு வாதையும்

திருநெல்வேலிச் சீமையில் படையல் வாங்கிய தெய்வங்களுக்கு யாராவது பொறுமையாக உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டால், அதில் வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி ஒருவனின் பெயரும் வரும். பெயர் கேப்டன் போல். 1809இல் திருவிதாங்கூர்க் கோட்டைவரிசையைக் கும்பினிப் படை பிடித்தபோது படுகாயம் பட்டுச் செத்த ஆள். சண்டை நடந்த இடத்திலிருந்து சுமார் 25 மைல் தள்ளி, ஒரு மணற்காட்டில் புதைத்தார்கள். பிற்பாடு அந்தப் பக்கத்துப் பனைத்தொழிலாளர்கள் அந்த இடத்தில் அவனைக் கும்பிட ஆரம்பித்தார்கள். படையல், சாராயமும் சுருட்டும். இதை 1849இல் அச்சில் ஏற்றியவர் இடையன்குடியில் மிஷனரியாக இருந்த ராபர்ட் கால்டுவெல்.

கேட்டவுடன் சிரிப்பு வரும் சமாச்சாரம்தான். கால்டுவெல்லின் ஐரோப்பிய வாசகர்கள் சிரித்திருப்பார்கள். நம்மில் தேசியவாதி கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான்: ‘கொல்ல வந்தவனையே கும்பிட்டிருக்கான் பாரு.’ பகுத்தறிவாளருக்கு இது இன்னொரு மூடநம்பிக்கை. சிரிப்பை நிறுத்திவிட்டு இதை ஒரு வரலாற்றுச் செய்தியாக எடுத்துக்கொண்டு பேசலாம் என்பது என் எண்ணம். கடல் தாண்டிச் சம்பளத்துக்கு வந்து, ஆயுள் முடியுமுன் வெட்டுக்காயமோ குண்டுக்காயமோ பட்டுச் செத்த ஒருவனுக்கு, ரத்த உறவும் இல்லை, மத உறவும் இல்லை, மொழியும் இல்லை என்று இருந்த ஜனங்கள் ஏன் சோறு வைப்பதுபோலப் படையல் வைத்தார்கள்?

1

முதலில் சண்டை. ஆரல்வாய்மொழியைப் பஸ்ஸில் கடந்து போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து சரிந்து இறங்கும் இடத்தில் ஒரு வாசல். கிழக்கே திருநெல்வேலியின் வறண்ட வெளி, மேற்கே நாஞ்சில் நாட்டு வயல். பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்று அவரிடமே தளபதியாகச் சேர்ந்த டச்சுக்காரர் டிலனாய் இந்த வாசலை மதில்வரிசையால் பலப்படுத்தினார்.

1805இல் கும்பினி திருவிதாங்கூரோடு செய்த உடன்படிக்கையில் சமஸ்தானம் கட்ட வேண்டிய பணம் வருஷத்துக்கு 8 லட்ச ரூபாயாக உயர்ந்தது. பணம் பாக்கி விழுந்தது. ரெசிடென்ட் காலின் மெக்காலே நெருக்கினார். திவான் வேலுத்தம்பி திருப்பித் தாக்கினார். 1808 டிசம்பர் கடைசியில் கொச்சியில் மெக்காலேயின் வீடு தாக்கப்பட்டது, ஆள் தப்பிவிட்டார். 1809 ஜனவரியில் குண்டறையில் வேலுத்தம்பியின் பிரகடனம். பிப்ரவரி 10ஆம் தேதி செயின்ட் லீஜரின் படை ஆரல்வாய்மொழி வரிசையை உடைத்தது. இரவில் மலைமேல் ஏறி, விடியும்போது மேலிருந்து இறங்கித் தாக்கிய பிரிவை நடத்தியவர் மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ்.

இந்த இரண்டு பெயர்களும் திருநெல்வேலிக்காரர்களுக்குப் பழையவை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியபோது அங்கே கும்பினிப் படைக்குத் தலைவராக இருந்தவர் இதே மெக்காலே. பாஞ்சாலங்குறிச்சியையும் காளையார்கோவிலையும் பிடித்த படையில் இருந்தவர் இதே வெல்ஷ். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டு, பிறகு அதே சின்ன மருதுவை வேட்டையாடி, தூக்கில் ஏறியதையும் பார்த்தவர். பாளையக்காரர் போர் முடிந்து எட்டு வருஷம்கூட ஆகவில்லை. அதே ஆட்கள், அதே பாளையங்கோட்டை முகாம்; எதிரி மட்டும் வேறு. நமது வரலாற்றுப் புத்தகங்கள் பாஞ்சாலங்குறிச்சியைத் தமிழ்நாட்டுக் கணக்கிலும் ஆரல்வாய்மொழிச் சண்டையைக் கேரளக் கணக்கிலும் எழுதிவிட்டன. தாமிரபரணிக் கரையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நீண்ட சண்டைதான்.

வெல்ஷ் பிழைத்தார். 1830இல் இரண்டு தொகுதி நினைவுக்குறிப்பு வெளியிட்டார். ஊமைத்துரையைப் பற்றியும் மருதுவைப் பற்றியும் நாம் இன்றைக்குச் சொல்கிற பல கதைகள் அந்தப் புத்தகத்திலிருந்து வந்தவை. பிழைத்தவனுக்குப் புத்தகம். செத்தவனுக்கு மணல்.

2

கும்பினி தன் சாவுகளை எப்படிக் கணக்கு வைத்தது? 1798 செப்டம்பர் 10ஆம் தேதி இராமநாதபுரம் கோட்டையில் கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் நடந்த பேட்டி கைகலப்பில் முடிந்தது. கோட்டைவாசலில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டான். அந்த அதிகாரியின் சாவு நேராகக் கோப்புக்குள் போனது. சென்னையிலிருந்து விசாரணைக் குழு போடப்பட்டது. குழு கட்டபொம்மனைக் குற்றவாளியாக்கவில்லை. ஜாக்சன்தான் பதவி இழந்தார். அடுத்த வருஷமே அரசியல் தேவை மாறியது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் அதே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மேலிடத்துக்கு அது ஒரு தஸ்தாவேஜு; வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது கட்டி வைக்கலாம்.

அடுத்தது கல்லறை. 1799 செப்டம்பர் 5ஆம் தேதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கித் தோற்ற அன்றைக்குச் செத்த டோர்மியூ, காலின்ஸ், பிளேக் முதலான இளம் லெப்டினன்ட்களுக்கு ஒட்டப்பிடாரத்தில் கல்லறை. 1801இல் அதே கோட்டையில் செத்தவர்களுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் இன்னொரு மயானம். கல்லில் பெயர், பதவி, தேதி. 1881இல் திருநெல்வேலி வரலாறு எழுதிய கால்டுவெல் இவற்றைக் கவனமாகப் பதிவு செய்தார். கூடவே அதே சுவரில் ஏறி, அதே ஈட்டியில் குத்துப்பட்டுச் செத்த சிப்பாய்களும் உண்டு. நம் ஊர்ப்பக்கத்துத் தமிழனும் தெலுங்கனும் முசல்மானும் கலந்த கூட்டம் அது. அவர்கள் எண்ணிக்கையாக மட்டும் அறிக்கையில் நிற்கிறார்கள். உள்ளே நின்று செத்தவர்களோ எண்ணிக்கையாகக்கூட முழுசாக வரவில்லை. கோட்டையை இடித்து மண்ணோடு மண்ணாக்கியபோது அவர்களையும் சேர்த்துத்தான் மூடினார்கள்.

எதிரியின் பிணத்தை ராஜ்ஜியம் என்ன செய்யும் என்பதற்கு வேலுத்தம்பியே சாட்சி. மண்ணடிக் கோவிலில் தப்ப வழியில்லாமல் இறந்தவரின் உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். சவத்துக்கும் தண்டனை. அந்த வருஷத்தில்தான், அதே போரில் செத்த ஒரு வெள்ளைக்காரன் தேரிக்காட்டில் புதைக்கப்படுகிறான். அவன் புதைகுழிக்கு நம் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

3

கால்டுவெல்லின் 1849ஆம் வருஷச் சிறுநூல் ஒரு சிக்கலான பிரதி. இன்று நாடார் என்று நாம் சொல்லும் சமூகத்தை, அச்சமூகம் போராடித் துறந்த பழைய பெயரால் அழைத்து, அவர்களைத் தாழ்த்தி வரைந்த நூல் அது. (1921இல்தான் அரசாங்க ஆவணங்களில் நாடார் என்ற பெயர் ஏறியது.) அந்தச் சமூகத்துக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது, மிஷனை விட்டு வெளியேறித் தனிச்சபை கண்ட சட்டாம்பிள்ளை அதில் முக்கியமான குரல். ஏழு வருஷம் கழித்து, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. நாம் ஒன்றை வைத்துக் கொண்டாடிவிட்டு மற்றதைப் பேசாமல் விடுவது சரியில்லை.

அந்த நூலில் கேப்டன் போல் ஓர் உதாரணம் மட்டுமே. பேய் வழிபாடு பழைய காலத்து மிச்சமல்ல, இப்போதும் புதுப்புதுப் பேய்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன என்று காட்டுவதற்கான உதாரணம். அங்கிருந்து இந்தச் செய்தி ஊர்சுற்றப் புறப்பட்டது. 1883இல் மோனியர் வில்லியம்ஸ் இந்திய மதங்களைப் பற்றி எழுதிய நூலிலும் கேப்டன் வந்துவிட்டார். எல்லோரும் நிறுத்திச் சொன்னது அந்தச் சாராயத்தையும் சுருட்டையும்தான். வெள்ளைக்காரனுக்கு உயிரோடிருந்தபோது எது பிடிக்குமோ அதையே வைக்கிறார்கள், அறியாத ஜனம், என்ற தொனி.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை அவர்கள் தவறவிட்டார்கள். சுடலைமாடனுக்கு என்ன படைப்பார்கள்? சாராயமும் சுருட்டும். சுடலை எந்த ரெஜிமெண்டில் இருந்தார்? எங்கள் ஆச்சி கொடைக்குப் போகும்போது மடியில் சுருட்டுக் கட்டு முடிந்துகொண்டு போவாள். ‘சாமி சுருட்டு குடிக்குமா ஆச்சி?’ என்று கேட்டால், ‘காவக்காரனுக்கு ராத்திரி முழிக்கணும்லா, பொறவு என்ன செய்வான்?’ என்பாள். மலைக்காட்டிலும் சுடுகாட்டிலும் ராக்காவல் நிற்கும் தெய்வங்களின் வழக்கமான படையல் அது. கேப்டனுக்கு ஜனங்கள் தனிச் சமையல் எதுவும் செய்யவில்லை. தங்கள் சாமிகளின் பந்தியில் ஓர் இலை கூடப் போட்டார்கள், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, இங்கிலீஷ்காரர்கள் அதற்குச் சொல்லும் ‘செரூட்’ என்ற வார்த்தையே நம் ‘சுருட்டு’தான். பழக்கமும் வார்த்தையும் இந்த மண்ணில் வந்து அவர்கள் பிடித்துக்கொண்டவை. அதை ‘ஐரோப்பியன் ருசி’ என்று நமக்கே திருப்பிக் காட்டியது காலனியச் சொல்லாடலின் வேலை.

இன்னொரு முரணும் உண்டு. பேய்களை விரட்டுவதற்காகக் கடல்தாண்டி வந்தவர் கால்டுவெல். வந்து பார்த்தால் பேய்களில் ஒன்று அவருடைய சாதி சனம். பங்களாவில் உயிரோடிருக்கும் வெள்ளைக்காரன் பேயை நம்பாதே என்கிறான். மணலுக்குள் செத்துக் கிடக்கும் வெள்ளைக்காரன் பேயாகவே இருக்கிறான். இதைச் சிரித்துச் சமாளிக்கும் வசதி பாதிரியாருக்கு இருந்தது.

4

சரி, ஏன் கும்பிட்டார்கள்? இதற்கு வில்லுப்பாட்டைக் கேட்க வேண்டும். திருநெல்வேலியிலும் குமரியிலும் வில்லில் பாடப்படும் கதைகளில் ஒரு பெரும்பகுதி கொலைபட்டவர்களின் கதை. பாபநாசத்துக்கு மேலே, தாமிரபரணி மலையிறங்கும் இடத்தில், சொரிமுத்தையனார் கோவிலில் நிற்கிற முத்துப்பட்டன் அப்படி ஒருவன். பிராமணனாகப் பிறந்து சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை மணந்து, மாடு திருட வந்தவர்களோடு மோதிச் செத்தவன். இன்னொரு கதைப்பாடலின் சின்னநாடான், சாதி மீறிய உறவுக்காகச் சொந்த வீட்டாராலேயே கொல்லப்பட்டவன். இப்படிச் செத்தவர்களை வாதை என்பார்கள். வாதை என்றால் வேதனை என்றும் அர்த்தம். வேதனைப்பட்டவன், வேதனை கொடுக்கக்கூடியவன், இரண்டும் சேர்ந்த சொல். வாழ வேண்டிய ஆயுள் பாக்கி இருக்கிறது. தின்ன வேண்டிய சோறு, அனுபவிக்க வேண்டிய சுகம் எல்லாம் பாக்கி. அந்தப் பாக்கியை யாராவது கொடுத்துத் தீர்க்கும்வரை அது போகாது. பூடம் கட்டிப் படையல் வைப்பது பாக்கியைத் தவணையாகக் கட்டுவதுதான்.

இந்தக் கணக்கில் செத்தவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வி வருவதில்லை. நம்மாளா அடுத்தாளா என்பதும் வருவதில்லை. எப்படிச் செத்தான், எங்கே கிடக்கிறான் என்பது மட்டும்தான். நம் பகுதியில் கிடக்கிறான் என்றால் நமக்குப் பொறுப்பு. கட்டபொம்மன் வீரனா கொள்ளைக்காரனா என்று ம.பொ.சி.யும் தமிழ்வாணனும் எதிரெதிராக எழுதியது கும்பினியின் விசாரணைக் கமிட்டி கேட்ட அதே கேள்வியின் தொடர்ச்சி: குற்றவாளியா, நிரபராதியா? தேரிக்காட்டு ஜனங்கள் அந்தக் கோர்ட்டுக்கே போகவில்லை.

ஆனால் காலத்தைக் கவனிக்க வேண்டும். கேப்டன் செத்தது 1809இல். வழிபாடு ஏற்பட்டது சில வருஷங்களுக்கு முன்புதான் என்று 1849இல் கால்டுவெல் சொல்கிறார். இடையில் பல வருஷங்கள் ஓடியிருக்கின்றன. சும்மா கிடந்த புதைகுழி ஏன் திடீரென்று விழித்துக்கொண்டது? என் வாசிப்பு இது. ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் இருபது வருஷங்களில் தெற்குத் திருநெல்வேலியின் பனங்காட்டு ஊர்கள் மிஷன் ஊர்களாகவும் பழைய ஊர்களாகவும் பிளந்துகொண்டிருந்தன. தாமிரபரணியின் இரு கரையிலும் கால்வாய்ப் பாசன நஞ்சை. அதை ஆண்டவர்கள் பிராமணரும் வெள்ளாளரும். ஆற்றுக்குத் தெற்கே தேரி. சிவப்பு மணல், பனை, பதநீர், கருப்பட்டி. அந்த மணல்காட்டு ஜனங்களுக்கு நஞ்சைக்காரன் கோவிலுக்குள் இடமில்லை. வெள்ளைக்காரன் அப்போதுதான் அவர்கள் வாழ்க்கைக்குள் நேரடியாக நுழைகிறான். கலெக்டராக, பாதிரியாக, வாத்தியாராக, நஞ்சைக்காரனுக்கு எதிராக மனுக்கொடுக்கத் தக்க ஒரு அதிகாரமாக. உயிரோடிருக்கும் வெள்ளைக்காரனின் பலம் தெரிந்தபிறகுதான் செத்த வெள்ளைக்காரனின் பலமும் தெரிந்திருக்க வேண்டும். வேதத்தில் சேர்ந்தவர்கள் உயிரோடிருந்தவனிடம் போனார்கள். சேராதவர்கள் மணலில் கிடந்தவனைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். புதிய அதிகாரத்தை ஜீரணிக்க இரண்டு வழிகள். பாதிரியார் ஒன்றை ஞானம் என்றும் மற்றதை இருட்டு என்றும் எழுதினார்.

5

இந்த இடத்தில் நம் சிறுபத்திரிகை வட்டாரத்துக்குப் பிடித்தமான ஒரு முடிவு தயாராக இருக்கிறது. அடித்தள மக்கள் எதிரியைத் தங்கள் பேய்வரிசையில் கடைசியாக நிறுத்திக் கேலி செய்தார்கள், இதுதான் எதிர்ப்பு, இதுதான் மாற்றுக் கதையாடல் என்று சொல்லி முடித்துவிடலாம். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிஷனரி அந்த ஜனங்களைத் தன் வாதத்துக்குச் சாட்சியாக்கினார். நாமும் நம் வாதத்துக்குச் சாட்சியாக்கினால் வித்தியாசம் என்ன? படையல் வைத்தவர் கேலி செய்யவில்லை. பயந்தார், இரங்கினார், வேண்டிக்கொண்டார். அந்தப் பயத்தையும் இரக்கத்தையும் அப்படியே ஒப்புக்கொள்வதுதான் மரியாதை.

இதைக் கொண்டாடுவதிலும் ஆபத்து இருக்கிறது. வாதைகளுக்குப் படையல் வைத்தவர்கள் யார் என்று ஒவ்வொரு கதையிலும் பாருங்கள். பல கதைகளில் கொன்றவனின் வம்சம்தான் பூடம் கட்டுகிறது. மாடு சாகிறது, பிள்ளை சாகிறது, குறி கேட்கிறார்கள், ‘நீ கொன்ற இன்னான்தான்’ என்று பதில் வருகிறது. உடனே ஒரு பூடம், வருஷம் ஒரு கொடை. கொன்றவன் நிலம் கொன்றவனிடமே இருக்கிறது. செத்தவனின் சாதி ஊருக்கு வெளியிலேயே இருக்கிறது. கோபம் ஒரு ராத்திரி சாமியாடியின் மேல் இறங்கி ஆடிவிட்டு, விடிந்ததும் மலையேறிவிடுகிறது. பாக்கி தவணையில் கட்டப்படுகிறது. முதல் அப்படியே நிற்கிறது. கேப்டன் போலின் கதையில் இது வெளியே தெரியாததற்குக் காரணம், கும்பிட்டவர்கள் அவனைக் கொன்றவர்கள் இல்லை என்பதுதான். ஆற்றுப் பக்கம் வந்தால் தெரியும்.

1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் சேர்த்தி. விசாரணை ஆணையம் போடப்பட்டது. பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று கணக்கு எழுதப்பட்டது. அதன்பிறகு வருஷம் தவறாமல் அந்தத் தேதியில் ஆற்றில் பூத் தூவுகிறார்கள். கிளார்க்கின் சாவுக்கு வந்த கோப்பு இவர்களுக்கும் வந்தது. கேப்டனுக்கு வந்த படையல் இவர்களுக்கும் வருகிறது. 200 வருஷத்தில் இரண்டு முறைகளும் மாறாமல் நம்மிடம் இருக்கின்றன.

கேப்டனுக்குச் சுருட்டு வைத்தவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு: அகாலத்தில் செத்த யாரையும், எதிரியையும்கூட, கணக்கில்லாமல் விட்டுவிடக் கூடாது என்கிற பிடிவாதம். எடுத்துக்கொள்ளக் கூடாதது, கணக்கைப் படையலோடு முடித்துக்கொள்வது. ஆரல்வாய்மொழி மதிலின் இரண்டு பக்கமும் செத்த சிப்பாய்களின் பெயர்கள், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் செத்தவர்களின் பெயர்கள், ஆற்றில் செத்த 17 பேரின் பெயர்களும் வயதும் வேலையும் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுத வேண்டிய வேலை நிறையக் கிடக்கிறது. வில்லுக்காரர்களிடமும் கதைப்பாடல் ஏடுகளிலும் பல பெயர்கள் இருக்கின்றன. வானமாமலையும் நெல்லை ஆய்வுக் குழுவும் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அந்த வேலையைத் தொடங்கிக் காட்டினார்கள். பெயர்களைச் சேர்த்தபிறகு அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: கொன்றது யார், அந்தக் கொலையில் லாபம் அடைந்தது யார், அந்த லாபம் இப்போது யார் கையில் இருக்கிறது? பூடத்துக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க ஜனங்களுக்குத் துணிச்சல் கிடையாது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கொடையிலும் சாமியாடியின் வாயிலிருந்து அது வருகிறது. கேட்டுவிட்டு விபூதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.